சிறுவாணியா, நொய்யலா

ஏறும்போதே கஸ்பார் மோத்தாவுக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. கரையிலிருந்து கப்பலுக்குப் போட்டிருந்த கேங்வேப் பலகையின் பாதியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். கப்பலின் மூக்கில் எம்.வி. சிறுவாணி என்று வெள்ளை எழுத்து. கடைசி எழுத்து துருவில் பாதி போயிருந்தது. பெயரில் சந்தேகம் இல்லை, இது சிறுவாணிதான், கலங்கரை விளக்கத் துறையின் கப்பல்களில் இருபத்தாறு வருஷம் இன்ஜின் பார்த்த மனிதருக்கு அதுகூடவா தெரியாது. கேள்வி அது இல்லை. அன்றைக்கு, அந்தக் கார்த்திகைப் புயல் அன்றைக்கு, அவர் இருந்தது இதிலா அதிலா என்பதுதான் கேள்வி. அது என்றால் நொய்யல். ஒரே கப்பல் கட்டும் தளத்தில், ஒரே வரைபடத்தை வைத்து, எட்டு மாத இடைவெளியில் கட்டின இரண்டு அரசாங்கக் கப்பல்கள், தீவுகளில் இருந்த கலங்கரை விளக்கங்களுக்கு எண்ணெயும் தண்ணீரும் ஆளும் கொண்டுபோக வாங்கினவை. நொய்யலை உடைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. சிறுவாணி மட்டும் அறுபது வயதாகித் தூத்துக்குடியில் இந்தப் பழைய ஜெட்டியில் கட்டிக்கிடக்கிறது. இதையும் உடைக்க அனுப்புவதா, இல்லை கரையோரம் நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்குவதா என்று முடிவு பண்ண ஒரு குழு போட்டிருக்கிறார்கள். புயலில் தீவிலிருந்து அறுபத்திரண்டு பேரைக் காப்பாற்றின கப்பல் இதுதான் என்று ஆனால் நிறுத்திவைப்பார்கள். இல்லையென்றால் இழுவைக் கப்பல் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்குக் கப்பலில் வேலையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது கஸ்பார் ஒருவர்தான். தங்கள் சாட்சியம் இன்றியமையாதது என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். இன்றியமையாதது. அந்த வார்த்தையைப் படித்தபோது பெருமையாக இருந்தது, மறுநாள் காலையில் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். “என்னப்பா நின்னுட்டீங்க?” என்று பின்னாலிருந்து மகள் ஜெனோவா முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வழுக்கிவிடுவாரோ என்ற பயம் மட்டும் இல்லை, அது அவருக்குத் தெரியும். போன மாதத்திலிருந்து அவள் அவரை அப்படித்தான் பிடிக்கிறாள்.

போன மாதம் என்றால் கோயிலிலிருந்து வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. அது ஒரு பெரிய விஷயமா, கறுப்புச் செருப்பு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் மின்சாரக் கட்டணம் கட்டப் போய்த் தபாலாபீஸ் வரிசையில் நின்றதும் இருக்கிறது. ஜெனோவா டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்தப் பையன் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “ஒரு கடிகாரம் வரைங்க தாத்தா, பதினொண்ணு பத்து காட்டுற மாதிரி” என்றான். தாத்தா என்றது பிடிக்கவில்லை. வட்டத்தை நன்றாகத்தான் போட்டார், காம்பஸ் வைத்த மாதிரி. எண்களைப் போட்டார். முள் ஒன்றுதான் போட்டார். கீழே கொஞ்சம் இடத்தை வெற்றாக விட்டு, பூஜ்யத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டில் நிறுத்தியிருந்தார். கையில் வாங்கிப் பார்த்த டாக்டர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வரைந்தது இன்ஜினில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ். ஆயுசு முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார், கை தானாகப் போகும் இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள். ஜெனோவா வண்டியில் வரும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து அவர் வாயில் தெரியாது என்ற சொல் வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறார். கொத்தமல்லி எங்கே வாங்கினீர்கள் என்றால்கூட உடனே ஒரு கடைப் பெயரைச் சொல்லிவிடுவார், சரியோ தப்போ. இப்போது இங்கே கேட்கப்போகும் கேள்விக்கு, இந்தக் கப்பலா அந்தக் கப்பலா என்பதற்கு, அவரிடம் இருக்கும் உண்மையான பதில் தெரியாது என்ற அந்த ஒன்றுதான். அந்தப் பதிலை ஜெனோவா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மறதி வருவதற்கு முன்னாலேயே, முப்பத்தைந்து வயதிலேயே, நாற்பதிலேயே, அவருக்கு இது தெரியாமல்தான் இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதுவும் உண்மைதானா? முப்பத்தைந்தில் தெரிந்திருந்து ஐம்பதில் போயிருந்தால்?

டெக்கில் துறையின் துணை இயக்குநர் திலகவதி நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், சென்னையிலிருந்து வந்தவர், வெயிலுக்கு ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். “வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்” என்று கை கூப்பினார். பக்கத்தில் ஒரு அம்மாள், கட்டைகுட்டையாக, காதில் பெரிய தோடு. அவரைத் தெரியுமா தெரியாதா என்று கஸ்பார் அவசர அவசரமாகத் தேடினார். திலகவதியே சொல்லிவிட்டார். “இவங்க விரோணிக்கம்மா. புயல்ல காப்பாத்தப்பட்டவங்க சார்பா மனு கொடுத்ததே இவங்கதான். அப்ப பன்னெண்டு வயசாம்.” அப்பாடா, தெரியாதவர்தான். தெரியாதவரைத் தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை. விரோணிக்கம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, நல்லாருக்கியளா? எங்களையெல்லாம் தூக்கிவிட்ட கையில்லா இது” என்றார். கஸ்பாருக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. கையை இழுத்துக்கொள்வது மரியாதை இல்லை, விட்டுவைத்தார். அந்த அம்மாள் கையை விடாமலே திலகவதி பக்கம் திரும்பி, “இந்தக் கப்பல்தாம்மா. இந்தா இந்த ஓரக் கம்பிக்குக் கீழதான் வலை தொங்குச்சு. நான் கண்ணால பாத்தவ” என்றார். திலகவதி பொறுமையாக, “நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேம்மா. ஆனா ரெண்டு கப்பலும் ஒரே மாதிரி. அந்த மாசத்து லாக் புக் ரெண்டுமே தண்ணில ஊறிப் போச்சு. பேப்பர்ல அரசுக் கப்பல்னு மட்டும்தான் வந்திருக்கு. வேலை பார்த்தவர் ஒருத்தர் சொல்லணும்” என்றார். மூன்று பேரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். அவருக்கு உடனே சொல்ல வந்தது ஒரு வார்த்தை: இன்ஜின் ரூம். “மொதல்ல இன்ஜின் ரூமைப் பாத்துட்டு வாரேன்” என்றார். அங்கே போனால் தெரிந்துவிடும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நம்பினார்.

இறங்கும் இரும்பு ஏணி கால்களுக்குத் தெரிந்திருந்தது. மனசைக் கேட்காமலே அவை படி படியாகப் போயின. மேலே நின்று ஜெனோவா, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினாள். பழைய டீசல் வாடை, அதற்குள் எலி வாடை, அடியில் தேங்கிய தண்ணீர் வாடை. இன்ஜின் இருந்தது. கழற்றியது போகப் பாக்கி. அவருக்கு அழுகை வரும் என்று வரும் வழியில் பயந்திருந்தார், ஒன்றும் வரவில்லை. இந்தச் சனியனை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை, இதன் சத்தத்தில்தான் இடது காது போனது, இதன் சூட்டில்தான் இருபத்தாறு வருஷம் வேர்க்குரு. சரி, வேலையைப் பார்ப்போம். அன்றைக்கு மணி அடித்தது. இன்ஜினை விட்டு வர முடிகிற எல்லோரும் டெக்குக்கு வரச் சொல்லி உத்தரவு. ஜூனியர் இன்ஜினியர் கஸ்பார் ஏணியில் ஓடி ஏறினான், ஏறும் வேகத்தில் ஒரு வால்வுச் சக்கரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். இது நிச்சயம். தழும்பு இருக்கிறது, இடது புருவத்துக்கு மேல். விரலால் தொட்டுப் பார்த்தார், இடதுதான். அப்படியானால் ஏணிக்கு இடது பக்கம் ஒரு சக்கரம் இருக்க வேண்டும். டார்ச்சைத் திருப்பினார். சக்கரம் இருந்தது. வலது பக்கம். அப்படியானால் இது இல்லை, அது நொய்யல்தான், முடிந்தது, மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று திரும்பினார். திரும்பியதும் இடது வலது ஆனது. ஏறும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கும்? ஏணியைப் பார்த்துத்தான் ஏறுவான் மனிதன். ஆனால் அன்றைக்கு யாரோ கீழேயிருந்து கூப்பிட்டார்கள், அவன் திரும்பினான். திரும்பினானா? கூப்பிட்டது யார்? அதுவும் போகட்டும், எண்பத்தாறிலோ எண்பத்தேழிலோ சிறுவாணியில் குழாய் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார்களே, அவரே பக்கத்தில் நின்று போட்டாரே. மாற்றினது இதிலா நொய்யலிலா. இரண்டிலும் மாற்றினார்கள். கடவுளே. சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், அது குளிர்ந்து இருந்தது.

பெயிண்டை வைத்துப் பார்க்கலாம். கம்பியில் பச்சைப் பெயிண்ட் காயாமல் இருந்தது, எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் உள்ளங்கையெல்லாம் பச்சை. புதுப் பெயிண்ட் என்றால் அப்போதுதான் டாக்கில் பழுது பார்த்து வந்த கப்பல். அந்த வருஷம் ஐப்பசியில் டாக்குக்குப் போனது ஒன்று. எது போனதோ அதிலிருந்து அவரைத் தூக்கி மற்றதில் போட்டார்கள், அப்படித்தான் எப்போதும் செய்வார்கள், துணியைப் பையில் திணித்துக்கொண்டு இந்தக் கப்பலிலிருந்து அந்தக் கப்பலுக்கு நடந்தே போவார், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், படுக்கும் கட்டில்கூட அதே மூலையில் அதே கீச்சு. அப்படியானால் அவர் இருந்தது டாக்குக்குப் போகாத கப்பல், அதில் புதுப் பெயிண்ட் இருக்க வழியில்லை. ஆனால் கை பச்சையாக இருந்தது. இருந்ததா, இல்லை அன்று பிடியில் இருந்து இல்லாமல் போன ஒரு கைக்குப் பிறகு தன் கையை அத்தனை நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதற்கு ஒரு நிறம் வேண்டும் என்று மனசு பூசிக்கொண்டதா? பிலோ இருந்திருந்தால் கேட்கலாம். அவர் மனைவி பிலோமினா எதையும் மறந்ததில்லை, எந்தக் கப்பலிலிருந்து எந்தத் தேதியில் கடிதம் போட்டார் என்பதுவரை சொல்வாள். ஆனால் அவளிடமும் அவர் சொன்னது அறுபத்திரண்டு பேரைத் தூக்கின கதையைத்தான். ஊரில் எல்லோரிடமும் சொன்னது அதைத்தான். அந்தக் கதையில் எந்தக் கப்பல் என்று யாரும் கேட்டதில்லை. “அப்பா, போதும், மூச்சு முட்டும், மேல வாங்க” என்றாள் ஜெனோவா. குரலில் அந்தப் பதற்றம் இருந்தது, அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கணக்குப் பார்க்கும் பதற்றம்.

மேலே வந்ததும் வெயில் கண்ணில் அடித்தது. அவர் நேராக அந்தக் கம்பி அருகே போய் நின்றார், யாரும் சொல்லாமலே. கீழே கடல் குட்டைத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. அன்றைக்கு இப்படியா இருந்தது. தீவில் கருவாடு போடக் குடும்பம் குடும்பமாகப் போயிருந்த சனம், கடல் தீவுக்குமேல் ஏறிவிட்டது, கிடைத்த வள்ளத்தில் தொற்றிக்கொண்டு கப்பலைப் பார்த்து வந்தார்கள். வள்ளம் கப்பல் வயிற்றில் மோதும், விலகும், மறுபடி மோதும். சரக்கு வலையை வெளியே தொங்கவிட்டிருந்தார்கள். கஸ்பார் கம்பிக்குக் கீழே குப்புறப் படுத்து இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான், இரண்டு பேர் அவன் காலைப் பிடித்திருந்தார்கள். மணிக்கட்டைப் பிடி, மணிக்கட்டைப் பிடி என்று மாலுமிகளுக்குத் தலைவனான போசன் கத்தினான். பிடித்தான். ஒவ்வொன்றாக மேலே வந்தது, பிள்ளைகள், பொம்பிளைகள், கிழவர்கள், ஒவ்வொரு ஆளும் தண்ணீரோடு சேர்ந்து இரட்டைக் கனம். அப்புறம் அந்தக் கை. அகலமான கை, ஒரு விரலில் நகம் இல்லை. அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, விரல்களைத்தான் பிடித்தான், எட்டியது அவ்வளவுதான். முகம் தெரியவில்லை, மழை கண்ணில் அறைந்தது. கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்தது, அவன் தோள் கம்பியைத் தாண்டி வழுக்கியது, காலைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் பிடி தளர்ந்தது, தானும் போகிறோம் என்று கஸ்பாரின் உடம்பு முழுவதும் அறிந்தது. அப்புறம் கையில் ஒன்றும் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் போல மனசு நின்றது. கனத்தோடு இருந்தது, கனம் இல்லாமல் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் என்ன. நழுவியதா, விட்டானா. விரல்கள் திறந்தது நினைவிருக்கிறது. யார் விரல்கள் என்பது நினைவில்லை. எத்தனை ஆயிரம் தடவை போய்ப் பார்த்தாயிற்று, அங்கே ஒரு வெள்ளை இருக்கிறது, டாக்டர் கொடுத்த அந்தத் தாளைப்போல. அதற்கடுத்த நிமிஷம் இன்னொரு மணிக்கட்டு வந்தது, அதைத் தூக்கினான், அதற்கடுத்ததையும். அந்தக் கப்பலுக்குப் பெயர் என்ன என்று அப்போது யார் நினைத்தார்கள்.

கேப்டன் அறையில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். திலகவதி பேனாவைத் திறந்து, “சார், ஒரே ஒரு கேள்விதான். புயல் அன்னைக்கு நீங்க வேலை பார்த்தது இந்தக் கப்பல்லயா?” என்றார். ஆமாம் என்றால் முடிந்தது. ஆமாம் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை, எல்லோரும் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். விரோணிக்கம்மா முன்னால் சாய்ந்து, “சொல்லிருங்க அண்ணாச்சி. அன்னைக்குப் போன ஆறு பேருக்கு ஒரு கல்லறை கிடையாது. உடம்பு கிடைக்கல. இந்தக் கப்பல் நின்னுச்சுன்னா இங்கன வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம், அதுக்குத்தான் நான் அலையுதேன்” என்றார். ஆறு பேர். அறுபத்திரண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆறு என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. இல்லை, முன்னாலும் கேட்டிருப்பாரோ, கேட்டு அதையும் வெள்ளையாக்கிவிட்டாரோ. ஆமாம் சொல்லிவிடலாம். அந்த அம்மாள் பொய் கேட்கவில்லை, இது இந்தக் கப்பலாகவே இருக்கவும் பாதிக்குப் பாதி வழி இருக்கிறது. ஆமாம் சொன்னால் அங்கே ஒரு பலகை வைப்பார்கள், இந்தக் கம்பி அருகில், பிள்ளைகள் வந்து வாசிப்பார்கள், அவர் பெயரைக்கூடப் போடுவார்கள். காப்பாற்றியவர் என்று. “அப்பா” என்று ஜெனோவா மெதுவாகக் கூப்பிட்டாள். எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ.

“தெரியாதும்மா” என்றார் கஸ்பார். சொன்ன பிறகு நாற்காலி கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டுலயும் மாறி மாறிப் போட்டாங்க. எதுல இருந்தேன்னு தெரியாது. இப்ப மறந்துட்டேன்னு நெனைக்காதீக. அப்பவே தெரியாது.” இது பொய்யோ என்று உடனே தோன்றியது, ஆனால் நிறுத்த முடியவில்லை. “தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. ஒரு கையைப் பிடிச்சேன். மணிக்கட்டைப் பிடிக்கணும், நான் வெரலத்தான் பிடிச்சேன். அது போயிருச்சு. நழுவுச்சா, நான் விட்டேனா, அது எனக்குத் தெரியல. எழுதிக்கிடுங்க.” திலகவதியின் பேனா தாளின்மேல் நின்றது. “சார், இது குழுவுக்குத் தேவைப்படாது” என்றார், குரலைத் தணித்து. “எழுதிக்கிடுங்க” என்றார் கஸ்பார் மறுபடியும். திலகவதி எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றி, “கப்பலைப் பத்தி உறுதிப்படவில்லைன்னுதான் நான் போட முடியும். அடுத்த வாரம் இழுவைக் கப்பல் வந்துடும்” என்றார். அதை அவர் சொன்னது விரோணிக்கம்மாவிடம்.

அந்த அம்மாள் கஸ்பார் பக்கம் திரும்பினார். முகம் கடுத்திருந்தது. திட்டுவார், திட்டட்டும் என்று கஸ்பார் காத்திருந்தார். “ஆம்பிளைக் கையா?” என்று கேட்டார் விரோணிக்கம்மா. அவர் வாயைத் திறந்தார். ஆம்பிளைக் கை என்றுதான் நாற்பத்தைந்து வருஷமாக நினைத்திருந்தார், யாரும் கேட்காததால் அப்படியே இருந்துவிட்டது. அகலமான கை. மீன் வெட்டும் பொம்பிளைகளின் கையும் அகலம்தானே. “ஒரு வெரல்ல நகம் இல்ல” என்றார், அதுதான் அவரிடம் இருந்தது. அந்த அம்மாள் யோசித்தார். “தெரியலையே. நான் சின்னப் பிள்ளை. யாரு நகத்தப் பாத்தா” என்றார். பிறகு, அவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். “தொம்மை. கயத்தான். எங்க சித்தி கித்தேரி. சவேரி. பெரிய லெயோன். அருளப்பன். இந்த ஆறுல ஒண்ணு. எதுன்னு எனக்கும் தெரியாது.” கஸ்பார் தலையை ஆட்டினார். அந்தக் கைக்குப் பெயர் இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கேங்வேயில் இறங்கும்போது ஜெனோவா முழங்கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் வந்தாள். “இதை அம்மாட்டயாவது சொன்னீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார், பேச முடியாது, பேசினால் அந்தப் பெயர்கள் சிந்திவிடும். தொம்மை, கயத்தான், கித்தேரி, சவேரி, லெயோன், அருளப்பன். லெயோன் வெறும் லெயோன் இல்லை, பெரிய லெயோன். அப்படியானால் சின்ன லெயோன் ஒருவன் இருந்திருக்கிறான், அவன் பிழைத்திருப்பான், அவனை இவர் தூக்கியிருக்கலாம், வேறு யாரும் தூக்கியிருக்கலாம். தொம்மை, கித்தேரி. ஜெட்டியின் கல்லில் கால் பட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வண்டிக் கதவை ஜெனோவா திறந்துவைத்தாள், உள்ளே வெந்துகொண்டிருந்தது. தொம்மை, கித்தேரி, சவேரி, பெரிய லெயோன், அருளப்பன். உட்காரப் போனவர் நின்றுவிட்டார். விரலை மடக்கிப் பார்த்தார். மறுபடி மடக்கினார். ஐந்துதான் வந்தது. அரை நிமிஷம் முன்னால் இருந்தது, இப்போது இல்லை. இரண்டாவதாகச் சொன்ன பெயர், கவ்வோ கையோ என்று ஆரம்பிக்கும், நாக்கின் நுனியில் இருந்து வழுக்கிக்கொண்டே போனது. “என்னப்பா?” என்றாள் ஜெனோவா. “ஒரு ஆளு விட்டுப்போச்சு” என்றார். அவள் முகம் மாறியதைப் பார்த்தார், மாறட்டும். “நீங்க உக்காருங்க, நான் ஓடிப்போய்க் கேட்டுட்டு வாரேன்.” “வேண்டாம், நான் போறேன்.” வந்த வழியே நடந்தார், வெயிலில், வேகமாக, அந்த ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, அவையும் போய்விடாமல். விரோணிக்கம்மா கேங்வேயின் கயிற்றைப் பிடித்து ஒவ்வொரு அடியாக இறங்கிக்கொண்டிருந்தார். கஸ்பார் கீழேயிருந்து ஏறி அவரைப் பாதி வழியில் மறித்தார், மூச்சு வாங்கியது. “ரெண்டாவது ஆளு பேரு என்னம்மா? விட்டுட்டேன்.” அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கயத்தான்” என்றார். “கயத்தான்” என்றார் கஸ்பார். இரண்டு பேரும் அந்தக் குறுகிய பலகையில் எதிரெதிரே நின்றார்கள், யாரும் வழிவிடவில்லை. “மொதல்ல இருந்து சொல்லுங்க, கேக்கேன்” என்றார் விரோணிக்கம்மா.